கவிழ்த்துப் பார்க்கிற பழக்கம்

பழைய பொம்மை ஒன்றைக் கையில் கொடுத்தால் எல்லோரும் முகத்தைத்தான் முதலில் பார்ப்பார்கள். மூக்கு உடைந்திருக்கிறதா, கண் இரண்டும் நேராக இருக்கிறதா என்று. நான் கவிழ்த்துப் பார்ப்பேன். அடிப்பாகம், பிடரி, முதுகு, உள்ளங்கால். பொம்மையின் ஜாதகம் அங்கேதான் எழுதியிருக்கும். காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் பழம்பொருள் கடை வைத்திருக்கும் ஒருவர் என்னைப் பார்த்தாலே சிரிப்பார். "டீச்சரம்மா, சாமிக்கு முகந்தானே லட்சணம். அடியில அப்படி என்னத்தத் தேடுறீங்க?" என்பார். அவருக்குத் தெரியாமல் இல்லை. அடியில் ஏதாவது கிடைத்துவிட்டால் என் முகம் மாறும், அதை வைத்து விலையை ஏற்றலாம் என்று காத்திருப்பவர் அவர்.

திருச்சியில் பள்ளிக்கூடத்தில் வேதியியல் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவள் நான். சேகரிப்பு என்று பெரிதாகச் சொல்ல வேண்டாம், மாடி அறையில் இரண்டு கண்ணாடி அலமாரி, ஒரு மர பீரோ. மண் பொம்மைகள்தான் அதிகம். அடுத்து மரப்பாச்சி. பிறகு செல்லுலாய்டு என்கிற அந்தக் காலத்துப் பிளாஸ்டிக்கில் செய்த ஜப்பான் பொம்மைகள், கொஞ்சம் ஜெர்மன் பீங்கான். என்ன விலைக்கு வாங்கினேன் என்று மட்டும் கேட்காதீர்கள். வீட்டுக்காரர் இதைப் படிப்பார்.

கவிழ்த்துப் பார்ப்பதில் என்ன தெரியும் என்று கேட்பவர்களுக்காக இதைச் சொல்கிறேன். 1887-ல் பிரிட்டன் ஒரு வணிகக் குறிச் சட்டம் போட்டது. வெளிநாட்டுச் சரக்கு உள்ளூர்ச் சரக்கு மாதிரி வேஷம் போட்டு விற்கக் கூடாது, எந்த ஊர் என்று சொல்லிவிட வேண்டும். 'மேட் இன் ஜெர்மனி' என்ற மூன்று சொல் உலகம் முழுக்கப் பரவியது இதனால்தான். 1890-ல் அமெரிக்கா மெக்கின்லி சுங்கச் சட்டம் கொண்டுவந்தது. அங்கே இறங்கும் சரக்கில் செய்த நாட்டின் பெயர் ஆங்கிலத்தில் இருக்க வேண்டும் என்று விதித்தது. ஜப்பான்காரர்கள் 'நிப்பான்' என்று போட்டு அனுப்பிக்கொண்டிருந்தார்கள். 1921-ல் அமெரிக்கச் சுங்கத் துறை, 'நிப்பான் என்பது உங்கள் பாஷை, ஜப்பான் என்று போடுங்கள்' என்று சொல்லிவிட்டது. இரண்டாம் உலகப் போர் முடிந்து அமெரிக்கப் படை ஜப்பானில் உட்கார்ந்திருந்த காலத்தில், 1947 முதல் 1952 வரை, 'மேட் இன் ஆக்குப்பைட் ஜப்பான்' என்ற குறி வந்தது. போரில் தோற்ற நாடு தன் பொம்மையின் முதுகிலேயே தோல்வியை எழுதி விற்றது. சேகரிப்பவர்களுக்கு இந்தக் குறி அல்வா. ஐந்து வருஷத்துக்குள் செய்ததென்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிடலாம்.

அமெரிக்கா போட்ட சட்டத்துக்கும் நம் பரண் பொம்மைக்கும் என்ன சம்பந்தம்? அச்சுதான் சம்பந்தம். நியூயார்க்குக்கு ஒரு அச்சு, மெட்ராஸுக்கு ஒரு அச்சு என்று எந்தத் தொழிற்சாலைக்காரனும் செலவழிக்க மாட்டான். அதே பொம்மை, அதே எழுத்தோடு ரங்கூனுக்கும் சிங்கப்பூருக்கும் கப்பலேறி, அங்கிருந்து செட்டிநாட்டுக்கும் வந்தது. ஆனால் ஒன்று. குறி இல்லாவிட்டால் 1890-க்கு முந்தையது என்று கடைக்காரர் சொன்னால் நம்ப வேண்டாம். காகித முத்திரை ஒட்டி அனுப்பியதும் உண்டு, பெட்டியில் மட்டும் அச்சடித்ததும் உண்டு. காகிதம் உதிர்ந்துபோயிருக்கும், பெட்டியைக் குழந்தை கிழித்திருக்கும்.

என்னிடம் இருக்கும் செல்லுலாய்டு குழந்தை ஒன்று தேவகோட்டைப் பக்கத்து ஆச்சி ஒருவரிடமிருந்து வந்தது. ஒரு சாண் உயரம். எடை என்று ஒன்று இருக்கிறதா என்றே தெரியாது, ஊதினால் நகரும். காதுக்குப் பின்னால் தொடங்கி இடுப்பு வரை இரண்டு பக்கமும் மெல்லிய ஒட்டுக்கோடு ஓடும். கை இரண்டும் தோளில் எலாஸ்டிக்கால் கட்டியவை, எலாஸ்டிக் என்றோ இற்றுப்போய் யாரோ தையல் நூலால் கட்டியிருந்தார்கள். முதுகில் புடைப்பெழுத்தில் 'மேட் இன் ஜப்பான்'. உடம்பில் பட்டுப்பாவாடை. பழைய கூறைப்புடவையின் பேட்டு ஜரிகையை வெட்டி, கையாலேயே தைத்திருந்தார்கள். உள்மடிப்பில்கூட நூல் தெரியாத தையல். "எங்க ஆயா வீட்டுலருந்து வந்த பெட்டிக்குள்ள கெடந்துச்சு தாயி, கொலுவுல பார்க்கு போடுவோம்ல, அதுல வைப்போம்" என்றார் ஆச்சி.

அந்தப் பார்க்கை நினைவிருக்கிறவர்களுக்குப் புரியும். படியில் சாமி, தசாவதாரம், செட்டியார் செட்டிச்சி எல்லாம் வரிசையாக நிற்க, கீழே தரையில் கேழ்வரகும் கடுகும் விதைத்து முளைக்கவிட்டு, கண்ணாடித் துண்டை வைத்துக் குளம் என்று சொல்லி, சீமை பொம்மைகளை எல்லாம் அங்கே உலவவிடுவார்கள். சப்பை மூக்கு வாத்து, தொப்பி போட்ட துரை, ஊஞ்சலில் வெள்ளைக்காரக் குழந்தை. படியேற உரிமை இல்லை, ஆனால் வீட்டுப் பிள்ளைகள் மொய்ப்பதெல்லாம் அங்கேதான். வெளிநாட்டுப் பொம்மைகள் தமிழ்நாட்டில் பிழைத்துக் கிடந்ததற்குப் பெரிய காரணமே இந்தப் பார்க் என்பேன். விளையாடக் கொடுத்திருந்தால் ஒரு வாரம் தாங்கியிருக்காது. வருஷத்தில் ஒன்பது நாள் வெளியே, மிச்ச நாள் டிரங்குப் பெட்டியில்.

செல்லுலாய்டில் நம் பூஜை அறைக்கு நெருங்கிய சரக்கு ஒன்று இருக்கிறது. கற்பூரம். பஞ்சை நைட்ரிக் அமிலத்திலும் கந்தக அமிலத்திலும் போட்டு எடுத்தால் செல்லுலோஸ் நைட்ரேட் கிடைக்கும். அதிகம் நைட்ரேட் ஏறினால் வெடிமருந்து, துப்பாக்கிப் பஞ்சு. அளவாக ஏற்றி, கற்பூரம் சேர்த்துச் சூட்டில் அழுத்தினால் வளைந்து கொடுக்கும் பிளாஸ்டிக். ஜான் வெஸ்லி ஹயாட் என்ற அமெரிக்கர் பில்லியர்ட்ஸ் பந்துக்கு யானைத் தந்தத்துக்குப் பதிலாக ஏதாவது கிடைக்குமா என்று தேடப்போய் 1870-ல் இதற்குக் காப்புரிமை வாங்கினார். கற்பூர மரம் அந்தக் காலத்தில் மிகுதியாக இருந்த இடங்களில் ஒன்று தைவான். 1895-ல் தைவான் ஜப்பான் கைக்குப் போனது. 1899-ல் அங்கே கற்பூர வியாபாரத்தை அரசே எடுத்துக்கொண்டது. மூலப்பொருள் கையில் இருக்க, வேலைக்குக் கூலியும் குறைவாக இருக்க, ஜப்பான் செல்லுலாய்டு செய்யக் கிளம்பியதில் ஆச்சரியம் என்ன? 1919-ல் எட்டு கம்பெனிகள் சேர்ந்து டைநிப்பான் செல்லுலாய்டு என்று ஒன்றானது. இன்றைக்கு டைசெல் என்று இருக்கிற அதே கம்பெனிதான். இரண்டு தகட்டை அச்சுக்குள் வைத்து, நடுவே நீராவியை ஊதினால் தகடு உப்பி அச்சின் சுவரில் ஒட்டிக்கொள்ளும். குழந்தை தயார். ஒட்டுக்கோடு வந்தது அப்படித்தான்.

கடையில் ஒரு பொம்மையை செல்லுலாய்டா இல்லையா என்று பார்க்க, பெருவிரலால் ஒரு இடத்தைச் சூடு ஏறும்வரை தேய்த்து முகர்ந்து பாருங்கள். லேசாகக் கற்பூர வாசனை வரும். ஊசியைக் காய்ச்சிக் குத்திப் பார்க்கச் சொல்லி இணையத்தில் சில மேதாவிகள் எழுதுகிறார்கள். தயவுசெய்து வேண்டாம். இது பழைய சினிமாப் பிலிமின் அதே சரக்கு, குப்பென்று பிடிக்கும். அந்தக் காலப் படங்கள் பலவும் பொட்டலம் பொட்டலமாக எரிந்துபோன காரணமும் இதுதான். பொம்மை உலகில் 1950-களில் வேறு பிளாஸ்டிக்குகள் வந்து இதை ஒதுக்கிவிட்டன. இவ்வளவு தெரிந்த பிறகு ஆச்சி வீட்டுக் கொலுவை நினைத்துப் பார்க்கிறேன். ஒரு சாண் தள்ளி குத்துவிளக்கு, எதிரே கற்பூர ஆரத்தி, நடுவில் பட்டுப்பாவாடை கட்டிய நைட்ரேட் குழந்தை. அம்பாள்தான் காப்பாற்றியிருக்கிறாள்.

தீயை விடப் பெரிய எதிரி காற்றோட்டமில்லாத பெட்டி. செல்லுலாய்டு வருஷம் போகப் போக நைட்ரஜன் ஆக்சைடு வாயுவை மெல்ல மெல்ல வெளிவிடும். ஈரம் சேர்ந்தால் அது நைட்ரிக் அமிலம். அமிலம் பொம்மையையே அரிக்கும், அரிக்க அரிக்க இன்னும் வாயு. கற்பூரமும் ஆவியாகப் போய்க்கொண்டே இருப்பதால் பொம்மை சுருங்கி, முதலில் மஞ்சளாகும், பிறகு உள்ளுக்குள் கண்ணாடி விரிசல் மாதிரி கோடு விழும், பிசுபிசுவென்று வியர்க்கும், கடைசியில் பொரிந்து உதிரும். ஒன்று கெட ஆரம்பித்தால் பக்கத்தில் இருப்பதையும் கெடுக்கும். பித்தளை, செம்புச் சாமான் கூடவே இருந்தால் அதிலும் பச்சை பூக்கும். அதனால் என் வீட்டில் செல்லுலாய்டுகளுக்குக் கண்ணாடி அலமாரி கிடையாது. வலைக்கதவு போட்ட பழைய உணவு அலமாரியில், வெயில் படாத சுவர் ஓரத்தில் இருக்கின்றன. மூக்கைச் சுருக்க வைக்கும் காரமான வாசனை வந்தால் அந்தப் பொம்மை தனி அறைக்குப் போய்விடும். பாலிதீன் பையில் சுருட்டிக் கட்டி, 'பத்திரமா வெச்சிருக்கேன்' என்று காட்டுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு வயிற்றைக் கலக்கும்.

ஜெர்மன் செல்லுலாய்டும் ஒன்று உண்டு. மான்ஹைம் ஊர்க் கம்பெனி, முத்திரை ஆமை. இது உறுதிக்கும் நீண்ட ஆயுளுக்கும் அடையாளமாம், அந்த ஊரில். பொம்மையைக் கவிழ்த்து முதுகில் இருந்த ஆமையை ஆசையாக மாமியாரிடம் காட்டினேன். "ஆமை புகுந்த வீடும் அமீனா புகுந்த வீடும்..." என்று ஆரம்பித்தார். முடிக்க விடவில்லை. இன்றுவரை அந்தப் பொம்மை வீட்டில் ஆமைப் பக்கம் சுவரைப் பார்த்துத்தான் நிற்கிறது.

பீங்கான் பொம்மை என்றால் ஜெர்மனியின் துரிங்கியா மாநிலம்தான், அதில் சோனபெர்க் என்ற ஊரும் அதைச் சுற்றிய மலைக்கிராமங்களும். தலையை ஒரு இடத்தில் சுடுவார்கள், கண்ணாடிக் கண்ணை லௌஷா ஊரில் ஊதுவார்கள், உடம்பு மரத்தூள் கூழில் இன்னொரு வீட்டில், கவுன் தைப்பது வேறொரு வீட்டில். பெரும்பாலும் குடிசைத் தொழில், பிள்ளைகுட்டிகள் வரை எல்லோரும் உட்கார்ந்து செய்தார்கள். மதுரை விளாச்சேரிக்குப் போய்ப் பார்த்தவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். திண்ணையில் அப்பா அச்சில் மண் அடைப்பார், உள்ளே அம்மா கண் எழுதுவார், பள்ளிக்கூடம் விட்டு வந்த பெண் வெள்ளை பூசுவாள்.

என்னிடம் இருக்கும் தலை ஒன்றின் பிடரியில், முடியைத் தூக்கிப் பார்த்தால், ஆர்மண்ட் மார்செல் என்ற பெயர், 390 என்ற எண், அதன் கீழே ஏ, எம் இரண்டு எழுத்துக்கு நடுவில் ஓர் அளவெண். பெயரைப் பார்த்து பிரான்ஸ் பொம்மை என்று பல பேர் விற்கிறார்கள், வாங்குகிறார்கள். சோனபெர்க்குக்குப் பக்கத்துக் கோப்பெல்ஸ்டோர்ஃப் கம்பெனி அது, சுத்த ஜெர்மன். 390 என்பது அச்சு எண், லட்சக்கணக்கில் போட்ட முகம். அதனால் அபூர்வமில்லை. ஆனால் நல்ல முகம். மெருகு போடாத, தோல் மாதிரி மங்கலான பீங்கான், அதில் புருவத்தை ஒவ்வொரு மயிராகத் தூரிகையால் இழுத்திருப்பார்கள். படுக்க வைத்தால் கண் மூடும். தலைக்குள் ஈயக் குண்டு ஒன்று தொங்குகிறது, அதுதான் இமையை இழுக்கிறது. ஆட்டிப் பார்க்காதீர்கள், குண்டு பீங்கானில் இடித்தால் முகம் கீறிப்போகும்.

1914-ல் போர் வந்ததும் ஜெர்மன் கப்பல் நின்றது. பொம்மைக் கடைக்காரர்கள் கையைப் பிசைந்தபோது ஜப்பானின் மொரிமுரா கம்பெனி, நோரிடாகே பீங்கான் தட்டு செய்கிற அதே குழுமம், ஜெர்மன் தலையைப் பார்த்துத் தலை செய்ய ஆரம்பித்தது. பார்த்தால் தெரிந்துவிடும். கன்னச் சிவப்பு கொஞ்சம் அதிகம், வாய் கொஞ்சம் கோணல். எனக்கென்னவோ அந்தக் கோணல் வாய்தான் பிடிக்கும்.

இந்திய வாங்குபவரை நினைத்தே ஜெர்மனியில் செய்த பீங்கான்களும் உண்டு. ரவி வர்மா அச்சுப்படங்களின் சாயலில் லட்சுமி, சரஸ்வதி, கிருஷ்ணன். அந்தச் சரஸ்வதியின் மூக்கும் கன்னமும் துரிங்கியா விவசாயப் பெண்ணுடையதாக இருக்கும். எனக்கு அவை அவ்வளவாக ஒட்டுவதில்லை, விலையும் எட்டாது. அடுத்ததுக்குப் போகிறேன்.

என் மனசு முழுக்க இருப்பது மண் பொம்மைதான். ஜெர்மன்காரன் எண் போட்டான், ஜப்பான்காரன் நாடு போட்டான். நம் குயவர் எதுவும் போடவில்லை. பண்ருட்டியா, விளாச்சேரியா, காஞ்சிபுரமா, மாயவரமா, அடியில் ஒரு கீறல்கூட இருக்காது. ஆகவே வேறு விதமாகக் கவிழ்த்துப் பார்க்கக் கற்றுக்கொள்ள வேண்டியிருக்கிறது.

என்னிடம் உள்ள செட்டியார், செட்டிச்சி ஜோடியை வைத்துச் சொல்கிறேன். ஒன்றரைச் சாண் உயரம், தொந்தி, முன்னால் திறந்த மடி, எதிரே அரிசி பருப்பு வைப்பார்களே அந்தப் பொம்மைகள்தான். வாங்கியபோது இருவரும் பளபளவென்று ரோஸ் நிறத்தில் இருந்தார்கள். கார் பெயின்ட் மாதிரி எனாமல், கையை வைத்தால் கை வழுக்கும். மீசை மூக்குக்கு மேலேறி நின்றது. செட்டிச்சியின் ஒரு கண் இன்னொரு கண்ணைத் தேடிக்கொண்டிருந்தது. எந்தக் கடையிலும் இதை ஒதுக்கிவிடுவார்கள். அடியைப் பார்த்தேன். கிண்ணம் போல் குழிந்த அடி, விளிம்பில் நகக்கண் அளவுக்கு ஒரு சில்லு பெயர்ந்திருந்தது. பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தால் மேலே ரோஸ் எனாமல், அதன் கீழ் இன்னொரு எனாமல், கொஞ்சம் வெளிறியது, அதன் கீழே மெருகே இல்லாத மஞ்சள், பிசினில் குழைத்த பொடி வண்ணம். அதற்கும் கீழே சுண்ண வெள்ளை, கடைசியில் செங்கல் நிறத்தில் சுட்ட மண். மூன்று தலைமுறை வண்ணம் ஒரு சில்லில் இருந்தது. குழிவுக்குள் பென்சிலால் ஏதோ கிறுக்கல். டார்ச்சைச் சாய்த்துப் பிடித்துப் பார்த்தேன். 1-6-0.

ஒரு ரூபாய் ஆறணா. விலை. இந்தியாவில் நயா பைசா வந்தது 1957 ஏப்ரல் 1-ம் தேதி. அதன் பிறகும் கொஞ்ச நாள் அணாக் கணக்கு வாயில் இருந்தது உண்மைதான், ஆனால் ரூபாய், அணா, பைசா என்று மூன்று கட்டமாகக் கோடு போட்டு எழுதுகிற கை பழைய கை. செட்டியார் அந்த விலையில் யார் வீட்டுக்கோ நடந்து வந்திருக்கிறார். அவரே மளிகைக் கடைக்காரர், அவர் மீதே விலை எழுதியிருக்கிறது. இதைவிட ஒரு பொம்மையிடம் வேறென்ன எதிர்பார்க்க?

விலை எழுதாத பொம்மைக்கு வேறு சாட்சிகள் உண்டு. சுற்றியிருக்கும் செய்தித்தாளை யாரும் மதிப்பதில்லை, பிரித்ததும் கசக்கி எறிந்துவிடுவார்கள். நான் பொம்மையை வைத்துவிட்டுத் தாளைத்தான் முதலில் நீவிப் பார்ப்பேன். அது பொம்மையின் வயதைச் சொல்லாது, கடைசியாக எந்த நவராத்திரிக்குப் பிறகு சுற்றி வைத்தார்கள் என்பதைச் சொல்லும். இரண்டு மூன்று அடுக்குத் தாள் இருந்தால் ஒவ்வொன்றிலும் ஒரு வருஷம். அப்புறம் பொம்மையின் உடுப்பு. அரைக்கால் சட்டை போலீஸ்காரர், பஃப் கை ரவிக்கை போட்ட பெண், கிராமஃபோன் வைத்திருக்கும் துரைசாணி, கைத்தடியோடு காந்தி. பொம்மை செய்கிறவர் தன் தெருவில் பார்த்ததைத்தான் செய்கிறார். சாமி பொம்மையில் காலம் தெரியாது. பக்கத்தில் நிற்கும் குடியானவன் காட்டிக்கொடுத்துவிடுவான்.

இப்போது சொல்ல வந்ததைச் சொல்லிவிடுகிறேன். புரட்டாசி பிறந்ததும் பெட்டியை இறக்கி, 'பெயின்ட் போயிடுச்சு' என்று கடையில் கொடுத்துப் புது வண்ணம் அடிக்கிறீர்களே, அதை நிறுத்துங்கள். எத்தனை வீட்டில் பார்த்துவிட்டேன். பாட்டியின் பாட்டி காலத்து கிருஷ்ணன், பேன்சி ஸ்டோரில் நேற்று வாங்கியவன் மாதிரி தங்க நிறத்தில் ஜொலிக்கிறான். பழைய பொடி வண்ணத்துக்கு மேல் எனாமல் ஏறினால் அதைத் திரும்ப எடுக்க முடியாது. எனாமலைக் கரைக்கும் திரவத்தைத் தொட்டால் கீழே இருக்கும் பிசின் வண்ணமும் பெரும்பாலும் கூடவே கழன்று வரும். வேதியியல் படித்தவள் சொல்கிறேன், வழி தேடிப் பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன். ஆகவே என் செட்டியார் இன்னும் ரோஸ் நிறத்திலேயே இருக்கிறார். அடியில் இருக்கும் சில்லு மட்டும்தான் எனக்கு அவருடைய உண்மையான முகம்.

'பின்னமான பொம்மையை வைக்கக் கூடாது' என்று பெரியவர்கள் சொல்வார்கள். சரி, சாமி பொம்மை உடைந்தால் படியில் வைக்க வேண்டாம், எனக்கும் அந்த மரியாதை உண்டு. அதற்காக ஆற்றில் விட வேண்டியதில்லை. என்னிடம் கொடுங்கள். வண்ணம் வெளிறியது பின்னம் ஆகாது, எந்தச் சாஸ்திரத்திலும் அப்படி இல்லை. தூசிக்கு உலர்ந்த மெல்லிய தூரிகை போதும். ஈரத்துணி கூடவே கூடாது. பழைய பொடி வண்ணம் தண்ணீர் பட்டதும் துணிக்கு வந்துவிடும், துடைத்த கையோடு புருவம் போயிருக்கும். காகிதக்கூழ் பொம்மை, தஞ்சாவூர்த் தலையாட்டி வகையறா என்றால் இராமபாணப் பூச்சிக்குப் பயந்து வேப்பிலை, வசம்பு போட்டு வைக்கலாம்.

மரப்பாச்சிக்கு வருவோம். நல்ல மரப்பாச்சி செம்மரத்தில் செய்தது. அந்த மரம் இயற்கையாக வளர்வது ஆந்திராவின் சேஷாசலம் மலையும் அதைச் சுற்றிய பகுதியும்தான், அதனால் திருப்பதியில் செதுக்கி, கோயிலுக்குப் போன கையோடு வாங்கி வந்து, கல்யாணப் பெண்ணுக்குச் சீராகக் கொடுத்தார்கள். இப்போது செம்மரம் உலக அளவில் வர்த்தகக் கட்டுப்பாட்டில் இருக்கிற மரம். அதனால் சந்தையில் வெள்ளை மரத்துக்குச் சாயம் பூசி 'நூறு வருஷத்து மரப்பாச்சி' என்று நீட்டுகிறார்கள். நனைத்த பஞ்சால் காலடியில் லேசாக ஒற்றிப் பாருங்கள். செம்மரத்தின் சிவப்பு நிறமி தண்ணீரில் அநேகமாகக் கரையாது, சாராயத்தில்தான் கரையும். தண்ணீர்ப் பஞ்சு குங்குமமாக வந்தால் பெரும்பாலும் சாயம். பிறகு கையில் வைத்துத் தூக்கிப் பாருங்கள். செம்மரம் கனக்கும். கடைசியாக மூக்கு. உண்மையிலேயே பழையதில் மூக்கும் நெற்றியும் மழுங்கியிருக்கும், ஏனென்றால் குழந்தைக்கு உரைத்துப் பூசியது அங்கேதான், கடித்ததும் அங்கேதான். மூக்கு கூர்மையாக இருந்து காலடி மட்டும் அழுக்காக இருந்தால், அழுக்கு நேற்று ஏற்றியது.

ஜோடியில் ஒன்றை மட்டும் வாங்க மாட்டேன். கடையில் ஆணை ஒரு பக்கமும் பெண்ணை ஒரு பக்கமும் விற்பதைப் பார்த்தால் சண்டை போடுவேன். விலை பேசும்போது இந்தப் பலவீனம் எனக்கு விரோதம் என்பது தெரியும்.

கோயில் சொத்து மாதிரித் தோன்றும் எதையும் தொடுவதில்லை, அது மரக்குதிரையாக இருந்தாலும் சரி. 100 வருஷத்துக்கு மேற்பட்ட கலைப்பொருள் என்றால் 1972-ம் வருஷத்துத் தொல்பொருள் சட்டம் இருக்கிறது, தனி ஆள் வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது. அமெரிக்காவில் இருக்கும் மகள் வீட்டுக் கொலுவுக்குப் பழசு ஒன்றைச் சூட்கேஸில் போட்டு அனுப்பலாமா என்று கேட்பவர்களுக்கு என் பதில் இதுதான். மகளை இங்கே வரச் சொல்லுங்கள். டெல்லிக்குப் போனால் சங்கர் பொம்மைகள் அருங்காட்சியகத்தைப் பாருங்கள். கார்ட்டூனிஸ்ட் சங்கர் 1965-ல் திறந்தது. ஒரே ஒரு ஹங்கேரி பொம்மையில் ஆரம்பித்த பைத்தியம், இப்போது நாடு நாடாக அலமாரி நிறைய நிற்கிறது. கண்ணாடிக்குள் இருப்பதால் அங்கே எதையும் கவிழ்த்துப் பார்க்க முடியாது என்பது மட்டும்தான் எனக்குக் குறை.

போன வாரம் காரைக்குடிக் கடைக்காரர் போன் செய்தார். வீடு ஒன்றை இடிக்கிறார்களாம், பரணிலிருந்து கொலுப் பெட்டி ஒன்று இறங்குகிறதாம், பெரியது, பூட்டோடு. "டீச்சரம்மா, நீங்க வர்றதுக்குள்ள பளிச்சுனு ரெடி பண்ணி வச்சிடுறேன்" என்றார். தலையில் கையை வைத்துக்கொண்டேன். துணியால் துடைக்கக் கூடாது, சுற்றிய பேப்பரைக் குப்பையில் போடக் கூடாது, அடியில் இருக்கும் எதையும் சுரண்டக் கூடாது என்று சொல்லியிருக்கிறேன். "சரிங்கம்மா, சரிங்கம்மா" என்றார். ஞாயிற்றுக்கிழமை வரை காத்திருந்தால் துடைத்துவிடுவார். நாளைக் காலை முதல் பஸ்.